மும்பை மழை வெள்ளத்தில் நிவாரணப் பணி: பகுதித் தன்னார்வக் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில், குர்லா, செம்பூர் போன்ற பகுதிகளில் தமிழ்ச் சங்கம், கோயில் கமிட்டி, இளைஞர் மன்றம் என்று ஏதேனும் ஒரு பெயரில் இயங்கி, மழைக்காலத்தில் சுற்றியுள்ள கல்லிகளுக்கு (குறுகிய சந்துகளுக்கு) உதவ முன்வரும் சிறிய குழுக்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஓடும் நீரிலிருந்தும் இடிபாட்டிலிருந்தும் ஆட்களை மீட்பது இதில் அடங்காது. அது தீயணைப்புப் படைக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கும் உரிய வேலை. தண்ணீர் ஏறுவதற்கு முன்பும், வடிந்த பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்களிலும் நாம் செய்யக்கூடியவை மட்டுமே இங்கே வரிசைப்படுத்தப்படுகின்றன.

புதிய குழுக்கள் இடறி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பொருள் முதலில் வந்து குவிந்துவிடுகிறது, யாருக்கு என்ன தேவை என்ற பட்டியல் அதன் பிறகு எழுதப்படுகிறது. அப்போது பட்டியல், தேவையை அல்ல, கையில் இருக்கும் பொருளைப் பார்த்து எழுதப்படும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்தத் தவற்றைத் தடுப்பதற்காகவே அமைந்தது. ஆகவே நேரம் குறைவாக இருந்தாலும் படிகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள், இடம் மாற்ற வேண்டாம்.

1. மே மாதத்திலேயே முடிக்க வேண்டியவை

பருவமழை மும்பைக்கு வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் வந்து சேர்கிறது. அதற்கு முன்பே முடிக்காத வேலைகளை மழை தொடங்கிய பின் முடிக்க இயலாது.

முதல் வேலை, நீங்கள் பொறுப்பேற்கப்போகும் எல்லையை வரைவது. எந்தக் கல்லியிலிருந்து எந்தக் கல்லி வரை, எத்தனை வீடுகள், எந்தப் பக்கம் நாலா (திறந்த வடிகால்) ஓடுகிறது, பொதுக் கழிப்பறை எங்கே இருக்கிறது, எந்த மூலையில் தண்ணீர் முதலில் தேங்கும் என்பதையெல்லாம் ஒரு தாளில் கையால் வரையுங்கள். கைபேசி வரைபடத்தில் தாராவியின் உள் கல்லிகள் பலவும் சரியாகத் தெரிவதில்லை. மேலும் வெள்ளத்தின் நடுவில் கைபேசியில் சார்ஜ் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இருநூறு வீடுகளைச் செம்மையாகப் பார்க்க முடிந்த குழு, இரண்டாயிரம் வீடுகளை ஏற்றுக்கொண்டால் எதையும் முழுமையாகச் செய்யாது.

இரண்டாவது, தானாக எழுந்து வெளியேற முடியாதவர்களின் பட்டியல். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், தனியாக வசிக்கும் முதியவர்கள் ஆகியோரின் வீட்டு எண்ணும், அவர்களைத் தூக்கி வர எத்தனை பேர் தேவை என்பதும் அதில் இருக்க வேண்டும். இந்த விவரங்களை அவர்களிடமோ வீட்டாரிடமோ சம்மதம் கேட்டு எழுதுங்கள். பட்டியல் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ஒருவருடைய நோய் விவரம் கல்லி முழுக்கப் பரவினால், அடுத்த ஆண்டு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மூன்றாவது, மேல்மாடியுள்ள ஓர் இடத்துக்கு எழுத்து மூலமாக அனுமதி வாங்குவது. பள்ளியோ மண்டபமோ எதுவானாலும், இரவு இரண்டு மணிக்கு அதன் சாவி யாரிடம் கிடைக்கும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். தலைவர் சரி என்று சொல்லியிருப்பார். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். வாட்ச்மேன் விடுப்பில் ஊருக்குப் போயிருப்பார்.

நான்காவது, உங்கள் வார்டு அலுவலகத்தில் அறிமுகமாவது. தாராவி ஜி-நார்த் வார்டிலும், சயான், மாட்டுங்கா, வடாலா ஆகியவை எஃப்-நார்த் வார்டிலும், குர்லா எல் வார்டிலும் வருகின்றன. பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1916 எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாலாவில் அடைப்பு எடுக்கும் பிரிவும், கழிவுநீர் பிரிவும், சுகாதாரப் பிரிவும் வெவ்வேறு அதிகாரிகளிடம் இருக்கின்றன. அவர்களை மே மாதத்தில் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், ஜூலையில் உங்கள் அழைப்பு, முன்பின் தெரியாதவரின் அழைப்பாக இருக்காது.

கடைசியாக, தண்ணீரில் இறங்கப்போகிற ஒவ்வொரு தன்னார்வலரும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும்; முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வைத்திருக்க வேண்டும். செருப்போடு இறங்குபவரைத் திருப்பி அனுப்புங்கள். தகரமும் கண்ணாடியும் கலங்கிய நீருக்குள் தெரியாது.

2. எச்சரிக்கையை இரண்டு எண்களாகப் படிப்பது

வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 மி.மீ.க்கு மேல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதிகனமழை என்பது அதன் கணக்கு. புதியவர்கள் இந்த ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மும்பைக்கு இது பாதிக் கணக்குதான்.

மறுபாதி கடலிடம் இருக்கிறது. ஓதம் (கடல் நீரேற்றம்) உயர்ந்து நிற்கும் நேரத்தில் கடல் மட்டம் வடிகால்களின் வாய்களைவிட மேலே இருப்பதால், பெய்த மழைக்கு வெளியேறும் வழி கிடைப்பதில்லை. மும்பை மாநகராட்சியான பி.எம்.சி. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பே ஓதம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களையும் நேரங்களையும் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலை அச்சிட்டுச் சங்கத்தின் சுவரில் ஒட்டுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கையும் 4.5 மீட்டர் ஓதமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், அதைச் சிவப்பாகக் கருதி ஆட்களைத் தயார் செய்யுங்கள். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம் இருப்பதால், தண்ணீர் எப்போது வடியத் தொடங்கும் என்பதையும் இதே பட்டியலைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தபோது, அதே நகரத்தின் தென்முனையான கொலாபாவில் 75 மி.மீ.கூடப் பதிவாகவில்லை. எனவே "மும்பையில் மழை எப்படி?" என்று தொலைக்காட்சியைப் பார்ப்பதைவிட, உங்கள் நாலாவில் நீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று ஒருவரை அனுப்பிப் பார்ப்பது மேல். நாலாச் சுவரில் பெயின்ட்டால் மூன்று கோடுகள் போட்டு வைத்தால், அவர் அளந்து பார்க்காமலேயே, "இரண்டாவது கோடு" என்று தொலைபேசியில் சொல்லிவிடலாம்.

3. தண்ணீர் நிற்கும் நேரத்தில்

இந்த நேரத்தில் ஒரு குழு செய்ய வேண்டியவை மிகக் குறைவு. முதல் படியில் எழுதிய பட்டியலில் உள்ளவர்களைத் தண்ணீர் கணுக்கால் அளவில் இருக்கும்போதே மேல்மாடிக்கு மாற்றுவது, ஆபத்து தெரிந்தால் 1916, 101 (தீயணைப்பு) அல்லது 112 (அவசர உதவி) எண்ணை அழைப்பது, அவ்வளவுதான். முழங்காலுக்கு மேல் ஏறிய பிறகு தன்னார்வலர்கள் தண்ணீரில் நடமாட வேண்டாம்.

காரணம் மேன்ஹோல். தண்ணீர் வடியட்டும் என்று நல்லெண்ணத்தோடு யாராவது மூடியைத் திறந்துவிடுகிறார்கள். பின்னால் வருகிறவருக்கு அது தெரிவதில்லை. 2017 ஆகஸ்ட் 29 அன்று பெய்த பெருமழையில் மூத்த மருத்துவர் ஒருவர் இப்படித் திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து உயிரிழந்தார். தவிர்க்கவே முடியாமல் இறங்க வேண்டியிருந்தால், இருவர் இருவராகச் செல்லுங்கள்; முன்னால் செல்பவர் கையில் நீண்ட கம்பு இருக்கட்டும்; அடியெடுத்து வைப்பதற்கு முன் கம்பால் தரையைத் தட்டிப் பாருங்கள். மூடியைத் திறக்கச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் மின்சாரம். நம் கல்லிகளில் மீட்டர் பெட்டிகள் இடுப்பு உயரத்திலேயே இருக்கின்றன. கடைகளின் இரும்பு ஷட்டர்களில் மின்கசிவு இருக்கலாம். மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று மின்வாரியத்திடமிருந்து உறுதி கிடைக்கும் வரை, தண்ணீரில் நின்றபடி எந்த இரும்புப் பொருளையும் தொடக் கூடாது.

4. முதல் கணக்கெடுப்பு

தண்ணீர் வடிந்ததும், நிவாரணப் பொருள் எதையும் கேட்பதற்கு முன், வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்ய நேரமிருந்தால், இதைச் செய்யுங்கள். ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் சேர்ந்த இணையாகச் செல்வது நல்லது. பெண்கள் தங்கள் தேவைகளில் பாதியை ஆண்களிடம் சொல்வதில்லை.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் தரும் பதில் ஒன்றுதான்: "எல்லாம்தான் வேணும்." நடந்ததைக் கேளுங்கள். ஒரு சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இப்படி நடந்த உரையாடலைப் பாருங்கள்.

"ஆச்சி, நேத்து ராத்திரி அடுப்பு பத்த வச்சீங்களா?"

"எங்கய்யா பத்த வைக்க? அடுப்பு மேடை வரைக்கும் தண்ணி வந்துட்டு. அரிசி டப்பா பரண்ல இருந்துச்சு, தப்பிச்சுட்டு."

"அப்போ என்ன சாப்பிட்டீங்க?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை ரெண்டு பாவ் வாங்கித் தந்துச்சு. மாத்திரைதான் போடல. அது கீழ இருந்துச்சு, நனைஞ்சுட்டு."

இந்த நான்கு வரியில் தேவையான அனைத்தும் கிடைத்துவிட்டது. அந்த ஆச்சிக்கு அரிசி தேவையில்லை. அடுப்பு காயும் வரை சமைத்த உணவு தேவை. அதற்கும் முன்பாக இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ அவர் சாப்பிடும் மாத்திரை இன்றைக்கே தேவை. பொதுவாகக் கேட்டிருந்தால் அவருக்கு ஐந்து கிலோ அரிசி போயிருக்கும்.

படிவம் அரைப் பக்கத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டு எண், ஆட்களின் எண்ணிக்கை, ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை பேர், கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ உண்டா, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, அடுப்பு எரிகிறதா, குடிநீர் டிரம்முக்குள் வெள்ள நீர் புகுந்ததா, தினசரி மருந்து நனைந்ததா, கழிப்பறைக்குப் போக முடிகிறதா, யாருக்காவது காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உண்டா ஆகியவை போதும். சாதி, சொந்த ஊர், வாக்காளர் அட்டை எண் ஆகியவற்றுக்குப் படிவத்தில் இடமே இருக்கக் கூடாது. கேட்டு எழுதிவிட்டால், பொருள் பிரிக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் அந்தப் பத்தியைப் பார்ப்பார்.

பட்டியலில் எப்போதும் விடுபட்டுப் போகிறவர்கள் மூன்று வகையினர். மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர்களின் பெயர் வீட்டுக்காரர் சொல்லும் கணக்கில் வருவதில்லை. தோல், தையல், ஜரி வேலை செய்யும் கார்கானாக்களில் (சிறு பட்டறைகளில்) பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்திலேயே படுத்துறங்குகிறார்கள். அவை வீடுகள் அல்ல என்று நம் ஆட்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் பெண்களின் கதவு பகலில் பூட்டியிருக்கும். எனவே பூட்டிய கதவுகளைத் தனியாகக் குறித்துக்கொண்டு, மாலை எட்டு மணிக்குமேல் மறுபடியும் செல்லுங்கள்.

தமிழ்ச் சங்கம் திரட்டிய உதவியைத் தமிழர்களுக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் எழும். தேவை ஒன்றே அளவுகோல், இனமோ மொழியோ மதமோ அல்ல என்பது செஞ்சிலுவை இயக்கத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. அந்த உயர்ந்த காரணம் போதாது என்பவர்களுக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒரே குழாயில் நீர் பிடித்து, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தும் கல்லியில், பாதி வீடுகளுக்கு மட்டும் குளோரின் மாத்திரை கொடுத்தால் வயிற்றுப்போக்கு நிற்காது.

5. பகுதியைப் பிரித்துக்கொள்வது

அன்று மாலையே, அருகில் வேலை செய்யும் மற்ற குழுக்களையும் மசூதி, தேவாலய, குருத்வாரா அமைப்புகளையும் அழைத்து, யார் எந்தக் கல்லி என்று பிரித்துக்கொள்ளுங்கள். வார்டு அலுவலகத்திலும் அந்தப் பிரிவினையைக் கொடுத்துவிடுங்கள். பெரிய சாலையை ஒட்டிய வீடுகளுக்கு ஐந்து வண்டிகள் வந்து போகும். உள்ளே, நாலா ஓரத்து வீடுகளுக்கு ஒன்றுகூட வராது. பிரித்துக்கொள்ளும்போது, உள்பகுதியை நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

6. எதைக் கேட்பது, எதை மறுப்பது

கணக்கெடுப்பு முடிந்த பிறகே வேண்டுகோள் அனுப்புங்கள். "வெள்ள நிவாரணத்துக்கு உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் பழைய துணி வந்து குவியும். "40 வீடுகளுக்கு 200 லிட்டர் டிரம் மூடி, 65 பேருக்குப் பாய், 90 பாக்கெட் சானிட்டரி நாப்கின், நாளை மாலைக்குள்" என்பதுபோல், பொருளும் எண்ணிக்கையும் கெடுவும் இருக்க வேண்டும்.

பழைய துணியை நான் எப்போதும் மறுக்கச் சொல்கிறேன். அதைப் பிரிக்க ஐந்தாறு தன்னார்வலர்களின் ஒரு நாள் போய்விடும். பாதி உடுத்த முடியாததாக இருக்கும். மிஞ்சியதை வைக்க இடமிருக்காது. கடைசியில் அது மழையில் நனைந்து நாலாவுக்கே போய்ச் சேரும். புதிய உள்ளாடை, துண்டு, போர்வை ஆகியவற்றை மட்டும் கேளுங்கள்.

குழந்தைகளுக்கான பால்பவுடரையும் பால் புட்டியையும் வாங்கவே கூடாது. அசுத்தமான நீரில் கலக்கிக் கொடுத்தால் அது நேரடியாக வயிற்றுப்போக்கில் முடியும். அதோடு, அநாதை இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் அதை இலவசமாக வழங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தாய்க்கு நல்ல உணவும், மறைவாக அமர்ந்து பால் கொடுக்க ஓர் இடமும் ஏற்பாடு செய்வதுதான் சரி. தாய் இல்லாத குழந்தையாக இருந்தால் மருத்துவரிடம் ஒப்படைத்து அவர் சொல்படி செய்யுங்கள். வீடுகளில் மிஞ்சிய மருந்து மாத்திரைகளையும் வாங்காதீர்கள்.

பணத்தைத் தனிப்பட்ட ஒருவரின் கூகுள் பே எண்ணில் வாங்குவது மிகப் பரவலான தவறு. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய சம்பளமும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், பின்னால் அவரால் விளக்கம் சொல்ல முடியாது. சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கணக்கைப் பயன்படுத்துங்கள். உங்கள் சங்கத்துக்கு 80ஜி பதிவு இல்லையென்றால் வரிச்சலுகை உண்டு என்று சொல்லாதீர்கள். பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கும், பொருளாகத் தருபவருக்கும் அந்தச் சலுகை கிடைக்காது.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் தேவை. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் இந்தியக் குடிமகன், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது. ஆகவே அனுப்புவதற்கு முன்பே, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள்.

7. உணவும் தண்ணீரும்

முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சமைத்த உணவு, அடுப்பு எரியத் தொடங்கிய பின் மளிகைப் பொருள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சமைத்த உணவுக்குப் புதிதாகச் சமையற்கூடம் அமைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் நகரெங்கும் இட்லி கொண்டு போய் விற்பவர்கள் நம் கல்லிகளிலேயே இருக்கிறார்கள்; பெரிய கொப்பரையும் தட்டுகளும் கைப்பழக்கமும் அவர்களிடம் உண்டு. வெள்ளத்தால் அவர்களின் வியாபாரமும் நின்றிருக்கும். எனவே அவர்களுக்குக் கூலியும் மாவுச் செலவும் கொடுத்து வாங்குங்கள். இட்லியோடு தேங்காய்ச் சட்னி வேண்டாம், ஈரக் காற்றில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். எண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி தடவிக் கட்டுங்கள், குழந்தைகளுக்குச் சர்க்கரை வைத்துத் தனியாக. பொட்டலத்தில் கட்டிய நேரத்தை எழுதுங்கள்; நான்கு மணி நேரத்துக்குள் கைக்குப் போகாததைக் கொடுக்காதீர்கள்.

மளிகைத் தொகுப்பைக் கணக்கிட, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது உலகெங்கும் நிவாரணப் பணியில் பின்பற்றப்படும் ஸ்பியர் தரநிலை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு 10 கிலோ அரிசி, 5 கிலோ கோதுமை மாவு, 2 கிலோ பருப்பு, 1 லிட்டர் எண்ணெய், 1 கிலோ சர்க்கரை என்றால் ஏறத்தாழ அந்த அளவை எட்டும். உப்பு, மிளகாய்த்தூள், தேயிலை தனி. இதன் எடை இருபது கிலோவை நெருங்குகிறது. இரும்பு ஏணி வழியாக மாடி அறைக்கு ஏறும் முதியவரால் அதைத் தூக்க முடியாது என்பதை நினைவில் வைத்து, சுமக்க ஆள் ஒதுக்குங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, பாட்டில்களை வாங்கிக் குவிப்பதைவிட வீட்டு டிரம்மைச் சுத்தம் செய்வது அவசரமானது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 15 லிட்டர் தேவை. ஐந்து பேருக்கு 75 லிட்டர். பாட்டிலால் இதை ஈடுகட்ட முடியாது. வெள்ள நீர் புகுந்த டிரம்மைக் கொட்டி, சோப்பு போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் அலசி, பிறகு நிரப்பச் சொல்லுங்கள். நம் குடிநீர்க் குழாய்கள் பல இடங்களில் சாக்கடையை ஒட்டியே ஓடுவதால், குழாயில் முதலில் வரும் நீரைச் சிறிது நேரம் வெளியே விட்டுவிட வேண்டும். கலங்கிய நீரைத் துணியில் வடிகட்டிய பிறகே குளோரின் மாத்திரை போட வேண்டும்; போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது வகைக்கு வகை மாறுபடும்; அட்டையில் உள்ளதைப் படித்துத் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் எழுதி ஒட்டிக் கொடுங்கள். மாத்திரையை விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டிரம்மில் நீங்களே போட்டுக் காட்டுங்கள்.

பொதுக் கழிப்பறை அடைத்துக்கொண்டால் அதையும் உணவுக்கு இணையான அவசரமாகக் கருதுங்கள். வார்டு அலுவலகத்தில் உறிஞ்சு வண்டி கேட்பதோடு, இரவில் அங்கு செல்லும் வழியில் விளக்கும் ஏற்பாடு செய்யுங்கள். இருட்டில் போக அஞ்சி, பெண்கள் மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

8. விநியோகம்

வண்டியை நடுரோட்டில் நிறுத்திப் பொருளை நீட்டுவது விநியோகம் ஆகாது. வலுவுள்ளவர்கள் இரண்டு முறை வாங்குவார்கள்; தேவையுள்ளவர்கள் ஓரத்தில் நிற்பார்கள்; கூட்டம் நெருக்கினால் யாரேனும் விழுவார்கள்.

முந்தைய நாளே, கணக்கெடுப்புப் பட்டியலைப் பார்த்து வீட்டுக்கு ஒரு டோக்கனை நேரில் கொடுங்கள். டோக்கனில் வரிசை எண்ணும், வர வேண்டிய நேரமும், கிடைக்கப்போகும் பொருளும் அச்சிட்டிருக்க வேண்டும். என்ன கிடைக்கும் என்று முன்பே தெரிந்தால், அடுத்தவர் பையில் என்ன இருக்கிறது என்ற சண்டை வராது. ஒரு மணி நேரத்துக்கு முப்பது டோக்கனுக்கு மேல் அழைக்காதீர்கள். நுழையும் வழியும் வெளியேறும் வழியும் வேறுவேறாக இருக்கட்டும். முதியவர், கர்ப்பிணி, ஊனமுற்றோர் வரிசைக்கு வரத் தேவையில்லை. அவர்களுக்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

டோக்கன் இல்லாமல் வருகிறவரைத் துரத்தக் கூடாது. உடனே பொருளும் கொடுக்கக் கூடாது. தனி மேசையில் பெயரையும் வீட்டையும் எழுதிக்கொண்டு, அன்று மாலை இருவர் சென்று பார்த்துவிட்டு மறுநாள் கொடுங்கள். இதற்காகப் பத்தில் ஒரு பங்கு பொருளைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

வாங்குபவரின் முகம் தெரியப் படம் எடுக்க வேண்டாம். நன்கொடையாளர் ஆதாரம் கேட்பார். அடுக்கி வைத்த பொருளின் படமும், கையெழுத்திட்ட பட்டியலின் எண்ணிக்கையும் அவருக்குப் போதும். அரசியல்வாதி ஒருவர் வந்து தன் கையால் கொடுக்க விரும்பினால், "அண்ணே, டோக்கன் நேரம் மாறிடும், நீங்க அந்த மேசையில உட்காருங்க" என்று பணிவாகச் சொல்லிச் சமாளிப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

மேல்மாடி முகாமில் குழந்தைகள் தங்கியிருந்தால், எந்த நேரத்திலும் பெரியவர்கள் இருவராவது உடன் இருக்க வேண்டும். துணையின்றி வந்த குழந்தையை நல்லவராகத் தெரிகிற யாரிடமும் ஒப்படைக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

9. நோய்க் காலம்

தண்ணீர் வடிந்ததும் தன்னார்வலர்கள் கலைந்துவிடுகிறார்கள்; நோய் வருவது அதற்குப் பிறகு. 2005 வெள்ளத்துக்குப் பின் மும்பையில் எலிக்காய்ச்சல் பெருமளவில் பரவியது. எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள வெடிப்பு வழியாக உடலுக்குள் கிருமியைக் கொண்டு சேர்க்கிறது. அறிகுறி தெரியப் பல நாட்கள் ஆகின்றன.

வெள்ள நீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பி.எம்.சி. தரும் அறிவுரை, தடுப்பு மருந்து தேவையா, எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்வார். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருந்து வேறு என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. இதில் தன்னார்வலர்களும் அடக்கம். மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தாங்கள் போகாமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்த மூன்று வாரங்களுக்கு, வாரம் இருமுறை அதே வீடுகளுக்குச் சென்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யாருக்காவது காய்ச்சல் உண்டா? காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் வலியோ, கண் சிவப்போ, மஞ்சள் நிறமோ இருந்தால் அன்றே நகராட்சி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுமையாக ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு தம்ளரில் கரைப்பது ஆபத்து. ஒரே கல்லியில் இரண்டு மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு தென்பட்டால், வார்டின் சுகாதார அதிகாரிக்கு வீட்டு எண்களோடு சொல்லுங்கள். அவர்கள் குழாயைப் பரிசோதிக்க அது போதும்.

10. பஞ்சநாமாவும் ஆவணங்களும்

அரசு இழப்பீடு அறிவித்தால், வருவாய்த் துறை எடுக்கும் பஞ்சநாமாவின் (சேதத்தை நேரில் பார்த்து எழுதும் பதிவின்) அடிப்படையிலேயே கிடைக்கும். வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டால் காட்ட எதுவும் இருக்காது. எனவே சுத்தம் செய்வதற்கு முன்பே, சுவரில் தண்ணீர் நின்ற கறை, நனைந்த மிஷின், மெத்தை, அரிசி, வாசலில் உள்ள வீட்டு எண் ஆகியவை தேதியோடு தெரியும்படி படம் எடுத்து அந்த வீட்டாரின் கைபேசியிலேயே வைத்துக்கொடுங்கள். தாராவி மும்பை நகர மாவட்டத்திலும், குர்லாவும் செம்பூரும் மும்பை புறநகர் மாவட்டத்திலும் வருவதால், மனு போக வேண்டிய கலெக்டர் அலுவலகமும் வேறுவேறு.

நனைந்த ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் வெயிலில் காய வைக்காதீர்கள், மை மங்கிவிடும். காகிதங்களைப் பிரித்து, பழைய செய்தித்தாளின் நடுவே வைத்து, மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள்.

11. ஊருக்கு அனுப்பும்போது

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்து திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கியபோது, திருவைகுண்டத்தில் ரயிலே நின்றுவிட்டது. ரயிலும் சாலையும் துண்டிக்கப்பட்ட இடத்துக்கு மும்பையிலிருந்து பொருள் அனுப்பினால், அது வழியில் ஏதோ ஒரு குடோனில் கிடக்கும். பணமாக அனுப்பி, வெள்ளம் தொடாத மிக அருகிலுள்ள நகரத்தில் வாங்கச் சொல்லுங்கள். மதுரையில் வாங்கும் பாய், லாரி வாடகையோடு சேர்த்தாலும், தாராவியில் வாங்குவதைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும். அங்கே பெற்றுக்கொண்டு கணக்குக் கொடுக்க, பெயர் தெரிந்த ஒரு குழு இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

12. பணியை முடிப்பது

முடிவுத் தேதியை முன்பே அறிவியுங்கள். அறிவிக்காவிட்டால், உதவி தொடரும் என்று நம்பிச் சிலர் மற்ற வழிகளைத் தேடாமல் இருந்துவிடுவார்கள். முடித்த பத்து நாட்களுக்குள் வரவு, செலவு, எத்தனை வீடுகள், மிச்சம் எவ்வளவு என்பதை ஒரே தாளில் எழுதிச் சங்கத்தின் சுவரில் ஒட்டுங்கள்; கடைகளின் ரசீதுகள் யார் கேட்டாலும் பார்க்கும்படி கோப்பில் இருக்கட்டும். மிச்சப் பணத்தை விருந்துக்கோ சால்வைக்கோ செலவிடாமல், அடுத்த மழைக்கான கணக்கில் வையுங்கள். பூட்ஸ், கம்பு, டார்ச் ஆகியவற்றைக் கழுவி எண்ணி வைத்து, டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கணக்கெடுப்புப் படிவங்களில் நோய் விவரம் உள்ளவற்றைக் கிழித்துப்போட்டு, வீட்டு எண்களும் எல்லை வரைபடமும் உள்ளவற்றை மட்டும் அடுத்த மே மாதத்துக்காகப் பத்திரப்படுத்துங்கள்.